அனற்குழாயின் மூட்டு

விடியற்காலையிலே, இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த மோட்டார் வண்டியின் எஞ்சினை முதன்முதலாக முடுக்கும்போது, தேர்ந்த மெக்கானிக் ஒருவர் வேறெதையும் பாராமற் காதை மாத்திரம் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பதை நம்மிற் சிலர் கண்டிருக்கக்கூடும். எஞ்சினின் முழக்கத்துக்கு இடையே மெல்லியதோர் ஓசை எழும். சுவரிலிருந்து பல்லி சொல்வது போன்ற 'டிக், டிக்' என்னும் ஓசை அது. ஐந்தாறு நிமிடங்கள் கழிந்து எஞ்சின் சூடேறியதும் அவ்வோசை தானாகவே அடங்கிப்போகும். வண்டிக்கு உரியவர் நோய் தீர்ந்தது என்று மகிழ்வார். மெக்கானிக்கோ மகிழமாட்டார். இரும்பு சூட்டினால் விரிந்து தனது வெடிப்பைத் தானே மூடிக்கொண்டது என்பதும், நாளை விடியலிற் பல்லி மீண்டும் சொல்லும் என்பதும், என்றோ ஒரு நாள் அந்த வெடிப்பு மூடாமலே போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவ்வோசை பிறக்கும் இடம் எஞ்சினின் விலாப்புறத்திலே உள்ளது. ஒவ்வொரு சிலிண்டரிலும் எரிந்து முடிந்த புகை ஒவ்வொரு வாயிலால் வெளிப்படுகின்றது. அவ்வாயில்கள் யாவற்றையும் ஒன்றுசேர்த்து ஒரே வழியிற் செலுத்தும் கிளைக்குழாயைக் கராஜ்களிலே 'மனிபோல்ட்' என்பர். நாமும் அப்பெயரையே வைத்துக்கொள்வோம். சாதாரண வண்டியில் மனிபோல்ட் புகையைப் பின்புறக் குழாய்க்கு அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடும். டர்போ பூட்டிய எஞ்சினிலோ அதன் கடமை அத்துடன் முடிவதில்லை. அப்புகையை வீணே வெளியேற விடாமல், ஒரு சிறு சுழற்சக்கரத்தின் மீது பாயச் செய்கின்றனர். நிமிடத்துக்கு ஓரிலட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுக்கள் சுழல வல்ல அச்சக்கரம், அதே அச்சில் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தையும் சுழற்றுகின்றது. இரண்டாஞ் சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி நெருக்கி எஞ்சினுக்கு ஊட்டுகின்றது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுத்து எரிக்கலாம், சக்தி பெருகும். எரிபொருளின் உஷ்ணத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புகையோடு புகையாக வெளியே போய்விடுகின்றது என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்வுபாயத்தின் அருமை விளங்கும்.

இதனை முதலிற் கண்டவர் சுவிற்சர்லாந்தின் வின்ரர்தூர் நகரிலே பிறந்த அல்பிரட் பூக்கி என்னும் எஞ்சினியர். 1905ஆம் ஆண்டில் அவர் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஆயினும் ஏட்டில் எழுதியது இரும்பில் ஏறுவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. 1920களின் நடுப்பகுதியில் 'புறொய்சன்', 'ஹன்சஸ்ராற் டான்சிக்' என்னும் இரு ஜெர்மன் பிரயாணிக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அவருடைய முறை கையாளப்பட்டபோது, 1,750 குதிரைச் சக்தி தந்த எஞ்சின் 2,500 குதிரைச் சக்தி தந்தது. அதற்கு முன்னதாகவே, 1918ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே சான்ஃபோர்ட் மொஸ் என்பவர் லிபேட்டி என்னும் விமான எஞ்சினை லொறியில் ஏற்றிக் கொலராடோவிலுள்ள பைக்ஸ் சிகரத்துக்குக் கொண்டுசென்றார். பதினாலாயிரம் அடி உயரமுள்ள அந்த மலையுச்சியிற் காற்று மெலிந்தது. நிலமட்டத்திற் சுமார் 350 குதிரைச் சக்தி தந்த எஞ்சின் ஆங்கே மூன்றிலொரு பங்குக்கு மேல் இழந்து நின்றது. டர்போவை இயக்கியதும் இழந்ததெல்லாம் திரும்பி வந்தது. ஈராண்டு கழித்து, 1920 பெப்ரவரி 27இல், ருடொல்ப் ஷ்றோடர் என்னும் விமானி டர்போ பூட்டிய விமானத்தில் 33,114 அடி உயரத்தை எட்டினார். பிராணவாயு தீர்ந்து அவர் மூர்ச்சித்ததும், கண்கள் உறைபனியினால் தாக்குண்டதும், விமானம் தலைகீழாக வீழ்ந்ததும், தரைக்கு அண்மையில் உணர்வு பெற்று அவர் உயிர்தப்பியதும் தனியே எழுதவேண்டிய கதை.

நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது அவ்வளவு வீரம் நிறைந்த விஷயமன்று. சிலிண்டர் ஹெட்டுக்கும் மனிபோல்டுக்கும் இடையிலும், மனிபோல்டுக்கும் டர்போவுக்கும் இடையிலும் இருக்கின்ற பொருத்துக்களைப் பற்றியதே நமது பேச்சு. இரண்டு இரும்பு முகங்கள் சந்திக்கும் அந்த ஒரு மயிரிழை வெளியைப் புகை கசியாமல் அடைப்பது எப்படி? கேள்வி சிறியது. ஆனால் வேகப் போட்டிக்கென எஞ்சின் சமைப்போர் தமது பொறுமை முழுவதையும் இழக்கும் இடம் இதுவே.

டர்போ இல்லாத எஞ்சினில் இப்பொருத்துக் கசிந்தாற் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. புகைக்குப் பின்னால் வழி திறந்திருக்கின்றது. ஆகவே மனிபோல்டினுள் அமுக்கம் வெளியிலுள்ளதிலும் சற்றே அதிகம். இரைச்சல் கேட்கும், அவ்வளவுதான். டர்போவோ புகையின் வழியை மறித்துக்கொண்டு நிற்கும் ஒரு கதவு. கதவுக்கு முன்னே புகை தேங்கி நெருங்குகின்றது. ஊக்கி முடுக்கிய எஞ்சின்களிலே அவ்விடத்து அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று உயரும். சிலவற்றில் அதனையும் தாண்டும். உஷ்ணமோ பெற்றோல் எஞ்சினில் 900 முதல் 1,050 பாகை செல்சியஸ் வரை செல்லும். வெள்ளி உருகுவது 962 பாகையில் என்பதை நினைவு கூர்க. அத்தகைய அனல், அத்தகைய நெருக்கத்தோடு, நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை மோதும்போது பொருத்திலே ஒரு நுண்ணிய வழி கிடைத்தால் அது சும்மா கசிவதில்லை. தான் செல்லும் வழியை அரித்துக்கொண்டே செல்கின்றது. சுழற்சக்கரத்துக்குச் சேரவேண்டிய சக்தி வழியிலே சிந்துவதால் டர்போ விழித்தெழத் தாமதிக்கும். அருகிலுள்ள கம்பியுறைகளும் இறப்பர் குழாய்களும் கருகும். புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் உணர்கருவி பொய் சொல்லும்; அப்பொய்யை மெய்யென்று நம்பிய மின்மூளை எரிபொருளைத் தப்பாக அளந்து ஊற்றும்.

அடைப்பதென்றால் நமது அடுக்களையிலே அதற்கு ஓர் உவமை உண்டு. பிட்டு அவிக்கும்போது பானையின் வாய்க்கும் நீற்றுப்பெட்டிக்கும் இடையால் ஆவி சீறுகின்றது. உடனே தாய்மார் ஈரத்துணியை அவ்விடத்தைச் சுற்றி இறுக்கிவிடுகின்றனர். துணி மெதுவானது, பானையின் வாய் கோணலாயினும் அக்கோணலுக்கு இசைந்து கொடுக்கும். எஞ்சின் சமைப்போர் 'காஸ்கட்' என வழங்குவதும் இத்துணியே. கடினமான இரண்டுக்கு நடுவே மெதுவான ஒன்றை வைத்து நெருக்கினால் இடைவெளி நிரம்பிவிடும் என்பது அவர்தம் முதற் கொள்கையாயிருந்தது.

தொல்லை யாதெனில், ஆயிரம் பாகை அனலுக்கு நடுவிலும் மெதுவாயிருக்கும் பொருளைத் தேடவேண்டியிருந்தது. நெடுங்காலம் கல்நாரைச் செப்புத் தகட்டினாற் போர்த்து வைத்தனர். கல்நார் நெருப்புக்கு அஞ்சாது. ஆயின் அதன் தூசு மனிதனுடைய சுவாசப்பையைக் கொல்லும் என்பது தெளிவானபின் நாடுகள் ஒவ்வொன்றாக அதனை விலக்கின. பிரித்தானியாவிலே 1999இல் எஞ்சிய வகையும் தடுக்கப்பட்டது. செப்பு மாத்திரமே போதுமென்று கொண்டவர்களும் உளர். நன்றாகக் காய்ச்சிய செப்பு இளகி இசைந்து கொடுக்கும்; ஆனால் இரும்பைப் போலத் திரும்பி எழும்பும் குணம் அதற்கு இல்லை. ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதே. காரீயத் தாளையும் பயன்படுத்தினர். நமது நாட்டிலே போகலையிலும் கஹட்டகஹவிலும் வெட்டி எடுக்கப்படும் அதே காரீயந்தான். ஆனால் நம்முடையது நரம்பாக ஓடும் காரீயம், தாளாக அழுத்தப்படுவதோ பெரும்பாலும் செதில் வடிவினது. காற்றுப் படாத இடத்திற் காரீயம் எந்த உஷ்ணத்தையும் தாங்கும். காற்றுப் பட்டாலோ சுமார் 450 பாகைக்கு மேல் மெல்ல மெல்ல எரிந்து மறைகின்றது. இன்றைக்குப் பெரிதும் கைக்கொள்ளப்படுவது துருப்பிடியா உருக்குத் தகடுகளை இரண்டு மூன்றாக அடுக்கிச் செய்த காஸ்கட். ஒவ்வொரு வாயிலையும் சுற்றி அத்தகட்டிலே ஒரு வரம்பு புடைத்திருக்கும். அவ்வரம்பு மெதுவானதன்று, அது ஒரு வில். நெருக்கினால் தாழும், விட்டால் எழும். சாதாரண உருக்கு அனலிலே தன் வில்தன்மையை இழப்பதனால், நிக்கல் மிகுந்த கலப்புலோகங்களை விலை பாராமற் பயன்படுத்துகின்றனர்.

துணியிலிருந்து வில்லுக்கு வந்த இந்த மாற்றத்தை நான் சிறிதாக மதிக்கமாட்டேன். இடைவெளியை நிரப்புவது வேறு. இடைவெளி கூடியும் குறைந்தும் போகும்போது அதனோடு கூடச் செல்வது வேறு. மனிபோல்டின் உண்மையான தொல்லை இரண்டாவதிலேயே இருக்கின்றது.

மாட்டு வண்டிச் சில்லுக்கு இரும்புப் பட்டம் போடும் கொல்லனைப் பார்த்திருப்போர் இதனை எளிதில் உணர்வர். பட்டம் மரச்சில்லைவிடச் சிறிதாகவே அடிக்கப்படும். நெருப்பு மூட்டி அதனைச் சிவக்கக் காய்ச்சினால் விரியும். விரிந்தவுடன் சில்லில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சுருங்கி, ஆணியே வேண்டாமல், மரத்தைக் கவ்விக்கொள்ளும். அதே விரிவும் அதே சுருக்கமும் மனிபோல்டில் ஒவ்வொரு பிரயாணத்தின்போதும் நிகழ்கின்றன. கணக்கிட்டுப் பார்ப்போம். அரை மீற்றர் நீளமுள்ள துருப்பிடியா உருக்குக் குழாய்த்தொகுதி ஒன்று 30 பாகையிலிருந்து 830 பாகைக்கு ஏறினால் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் நீளும். அது பூட்டப்பட்டிருக்கும் அலுமினிய ஹெட்டோ உள்ளே தண்ணீர் ஓடுவதால் 100 பாகையைச் சுற்றியே நிற்கும். அதன் நீட்சி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஹெட்டோடு ஒட்டிக் கிடக்கும் விளிம்புத் தட்டு குழாய்களின் அளவுக்குச் சூடேறாது என்பது உண்மையே. பாதி என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றாகப் பூட்டப்பட்ட இரண்டு பொருள்களில் ஒன்று மற்றதைவிட மூன்று மில்லிமீற்றர் நீள விரும்புகின்றது.

அதனை நீளவிடாமல் இறுகப் பூட்டினால் என்ன? அப்படி எண்ணுவோர் பலர். இரும்பு கட்டுக்கு அடங்கியது போலத் தோன்றும். நீள இடமில்லாதபடியால், அனலில் இளகி நிற்கும் லோகம் தனக்குள்ளேயே நசுங்கிக்கொள்ளும். பின்னர் எஞ்சின் குளிரும்போது, நசுங்கிய மனிபோல்ட் பிறந்த நீளத்தைவிடக் குறுகிவிடும். இப்போது அது தன் இரு முனையிலுமுள்ள ஆணிகளை நடுவை நோக்கி இழுக்கின்றது. நூறு முறை, ஆயிரம் முறை இவ்வாறு நடந்தால் ஒன்று முனை ஆணி அறும், அல்லது குழாய் வெடிக்கும். பழைய மனிபோல்டைக் கழற்றி மீண்டும் மாட்ட முயலும்போது, முனைத்துளைகள் ஆணிகளோடு பொருந்தாமல் உட்புறம் விலகி நிற்பதைக் கண்டு திகைத்த மெக்கானிக்குகள் எத்தனையோ பேர். துளையை அராவிப் பெருப்பித்து மாட்டிவிட்டு அதனைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் விடுவது வழக்கம். உண்மையில் அவர்கள் தம்மை அறியாமலே சரியான வைத்தியத்தைச் செய்கின்றனர்.

ஏனெனில் வைத்தியம் அதுவே. நடுவிலுள்ள துளைகளை ஆணிக்கு அளவாகவும், முனைக்குச் செல்லச் செல்லத் துளைகளைப் பெரிதாகவும் துளைப்பர். மனிபோல்ட் நடுவிலே நிலைத்து நின்று, இரு பக்கமும் காஸ்கட்டின் மேல் வழுக்கி நீண்டு, குளிரும்போது அவ்வாறே மீளும். விளிம்புத் தட்டை ஒரே பலகையாக விடாது, வாயிலுக்கும் வாயிலுக்கும் இடையே வாளால் அறுத்து, ஒவ்வொரு வாயிலும் தனித்தனியே அசையுமாறு விடுவோரும் உண்டு. காய்ச்சி ஒட்டும்போது கோணலாகிவிட்ட தட்டின் முகத்தை இறுதியிலே தேய்த்துச் சமப்படுத்துதல் வேண்டும். முகம் சமமில்லாவிட்டால் மேற்சொன்ன எதுவும் பயன்தராது. டர்போவின் பாரத்தை மனிபோல்டின் கழுத்தில் தொங்கவிடாமல் தனித் தாங்கியிற் சுமத்துவதும் இன்றியமையாதது. ஏழெட்டுக் கிலோ எடையை அனலில் இளகிய குழாய் ஒன்று எத்தனை நாள் சுமக்கும்?

விமான எஞ்சின் சமைத்தோர் இதிலே இன்னும் ஒரு படி மேலே சென்றனர். குழாய்க்குள் குழாயைத் தளர்வாகச் செருகி, ஒன்றினுள் ஒன்று நீளவும் குறுகவும் விட்டனர். கப்பல் எஞ்சின்களிலே ஆர்மோனியத் துருத்தி போல் மடிப்பு வைத்த உலோகக் குழாயைப் பொருத்துக்களின் நடுவே வைத்தனர். 1950களின் பிற்பகுதியில் ஏயர் சிலோன், கே. எல். எம். நிறுவனத்தோடு கூட்டாக இலண்டனுக்குப் பறக்கவிட்ட சுப்பர் கொன்ஸ்டலேஷன் விமானத்தை நம் மூத்தோர் நினைவில் வைத்திருப்பர். அதன் எஞ்சின் ஒவ்வொன்றிலும் பதினெட்டுச் சிலிண்டர்கள். ஆறாறாகப் பிரித்து அவற்றின் புகையை மூன்று சுழற்சக்கரங்களில் மோதவிட்டு, அச்சக்தியை நேரே எஞ்சினின் அச்சுக்கே திருப்பிக் கொடுத்தனர். நுட்பமான ஏற்பாடு. ஆனால் இரவிலே யன்னலருகில் இருந்த பிரயாணிகள் எஞ்சின் மறைப்பின் பின்னால் நீலத் தீக்கொழுந்தைக் கண்டு பதைத்தனர். 'சக்தி மீட்கும் சக்கரம்' என்ற பெயரை மெக்கானிக்குகள் 'உதிரிப்பாகம் மீட்கும் சக்கரம்' என்று மாற்றிச் சொல்லிச் சிரித்தனர்.

ஆணியைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்லுதல் ஆகாது. ஆணி இறுக்கிப் பிடிக்கின்றது என்கிறோம். உண்மையில் அது இழுபட்டு நிற்கும் ஒரு வில்லே. இரண்டரைச் சென்ரிமீற்றர் நீளமுள்ள ஆணியை முழு வலுவோடு முறுக்கினால் அது நீளுவது ஒரு கடதாசியின் தடிப்பிலும் குறைவு. காஸ்கட் அந்தக் கடதாசித் தடிப்பளவு தாழ்ந்துவிட்டாற் போதும், ஆணியின் பிடி முழுவதும் போய்விடும். நானூறு பாகையைத் தாண்டினாலோ சாதாரண உருக்காணி இழுவிசையின் கீழ்ச் சோம்பிச் சோம்பி நீண்டு தளர்ந்துவிடுகின்றது. ஆகையால் அறிந்தோர் குட்டை ஆணியை விடுத்து, ஒரு குழற்பூண் இட்டு நீண்ட ஆணியைப் பூட்டுகின்றனர். நீண்ட ஆணி நீண்ட வில். சிறிய தாழ்வு அதன் பிடியை அழித்துவிடாது. அன்றியும் அதன் தலை அனலிலிருந்து சற்று விலகி நிற்கின்றது. இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க எண்ணி இரும்புக் கடையில் அகப்பட்ட ஆணியை மாட்டுவோர் பின்னர் ஹெட்டைக் கழற்றி, உள்ளே அறுந்த துண்டைத் துளையிட்டு எடுப்பதற்கு எவ்வளவு கொடுக்கின்றனர் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

போட்டி வண்டிகளில் நேரும் இழப்பு ஓட்டத்தின் இழப்பு மாத்திரமே. 1977 யூலையில் சில்வர்ஸ்ரன் மைதானத்தில் மூன்று லீற்றர் எஞ்சின்களுக்கு எதிராக ஒன்றரை லீற்றர் டர்போ எஞ்சினோடு புகுந்த றெனோல்ட் வண்டி, அடிக்கடி புகை கக்கி நின்றதால் 'மஞ்சள் தேநீர்க் கேத்தல்' என்று எள்ளப்பட்டது. 1979இல் டிஜோனில் ஜீன் பியர் ஜபூய் அவ்வகை வண்டியிலேயே முதலாவதாக வந்தபோது எள்ளியவர்கள் வாயடைத்தனர். ஆனால் ஆகாயத்திலே நேரும் இழப்பு அத்தகையதன்று. டர்போ பூட்டிய சிறு விமானங்களிலே, டர்போவின் வாயையும் அதன் பின்னுள்ள புகைக்குழாயையும் இணைப்பது ஒரு வளையம். இரு சரிவான விளிம்புகளை ஆப்புப் போலக் கவ்விச் சேர்க்கும் பட்டி அது; ஒரேயொரு ஆணியால் இறுக்கப்படுவது; உள்ளங்கையில் அடங்குவது. பல துண்டுகளைப் புள்ளி புள்ளியாக ஒட்டிச் செய்யப்பட்ட வகையிலே, அவ்வொட்டுப் புள்ளியொன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெடிப்புத் தொடங்கும். பட்டி அறுந்தால் அனல் நேரே எரிபொருட் குழாய்களின் மேலும் எண்ணெய்க் குழாய்களின் மேலும் பாயும். அதற்குப்பின் விமானிக்கு எஞ்சியிருப்பது மிகச் சில நிமிடங்கள். தீப்பற்றாது கசிந்தாலும், நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு விமானியின் அறைக்குள்ளே புகுந்து அவரை உறங்கச் செய்துவிடலாம். பல விபத்துக்களின் பின்னர், 2023ஆம் ஆண்டில், அமெரிக்க விமானப் போக்குவரத்து நிருவாகம் இவ்வகை வளையத்துக்கு ஆயுளை வரையறுத்துக் கட்டளையிட்டது. 500 மணிநேரம் பறந்ததும் அதனைக் கழித்துவிடவேண்டும். பார்வைக்கு நன்றாயிருப்பது ஒரு காரணமாகாது.

இனி விடியற்காலையில் காதைக் கூர்மையாக்கி நின்ற மெக்கானிக்கிடம் திரும்புவோம். பல்லி சொன்ன இடத்தைக் காதினால் மாத்திரம் கண்டுபிடிக்க இயலாது. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போதே, தூசு உறிஞ்சும் யந்திரத்தின் ஊதும் வாயைப் பின்புறக் குழாயிற் பொருத்திக் காற்றை உட்செலுத்துகின்றார். காற்று டர்போவின் சக்கரங்களுக்கு இடையால் நுழைந்து மனிபோல்டை நிரப்புகின்றது. சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்த தூரிகையை எடுத்து ஒவ்வொரு பொருத்தாகத் தடவிக்கொண்டு வருகின்றார். முதலாம் வாயில், ஒன்றுமில்லை. நடுவில் இரண்டும் சுத்தம். கடைசிச் சிலிண்டரின் கீழ்ப்புறத்தில், முனை ஆணியின் அருகே, கறுப்புக் கரி மைக்கோடு போலப் படிந்திருக்கும் இடத்திலே, மிளகளவு குமிழி ஒன்று எழுந்து உடைகின்றது, பின்னால் இன்னொன்று. அவர் தூரிகையை வைத்துவிட்டு அந்த ஆணியின் நட்டைத் திருகிப் பார்க்கின்றார். அது விரலுக்கே சுழலுகின்றது.